ஒரு ஜக், நான்கு வார்ப்பு முறைகள்: ஏறுசுவர் ஹோல்டுகளின் பிளாஸ்டிக் மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் உள்ளரங்க ஏறுசுவரில் திருகும் ஒரு நடுத்தர ஜக், அதாவது விரல்களை நன்றாக மாட்டிப் பிடிக்க வசதியான ஹோல்டு (ஏறுகிறவர் பற்றிக்கொள்ளும் செயற்கைப் பிடி). அகலம் 14 செ.மீ., உயரம் 9 செ.மீ., சுவரிலிருந்து 6 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் விளிம்புக்குப் பின்னால் நான்கு விரலும் போய் மாட்டிக்கொள்ள ஒரு பள்ளம். நடுவில் எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு ஒரு துளை. முழுக் கட்டியாக வார்த்தால் சுமார் 450 கன செ.மீ. பிடிக்கும். எந்த ஜிம்மிலும் தொடக்கநிலைப் பாதைகளில் இந்த வகை ஹோல்டுதான் அதிகம். அலங்காரம் இல்லாத, வேலை மட்டும் செய்கிற வடிவம் என்பதால்தான் இதைத் தேர்ந்தோம். மணல் கலந்த பாலியஸ்டர், பாலியூரித்தேன் வார்ப்பு, இன்ஜெக்‌ஷன் மோல்டிங், ரோட்டோ மோல்டிங் ஆகிய நான்கு முறைகளிலும் இதே வடிவத்தைச் செய்தால் என்ன ஆகும், எங்கே உடையும், ஏன் உடையும் என்பதே ஆய்வு. கீழே வரும் எடை, நேரம், அழுத்தக் கணக்குகள் எல்லாம் இந்த வடிவத்துக்குப் போட்டவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு ஹோல்டின் ஆயுளை இரண்டு சிறிய இடங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, போல்ட் தலை உட்காரும் வளையம். மற்றொன்று, விரல் படுகிற மேல்தோலின் அரை மில்லிமீட்டர். இந்த இரண்டையும் காப்பாற்றும் முறைக்குத்தான் ஜிம்மில் இடம்.

பாலியஸ்டர் வந்த வழி

செயற்கை ஏறுசுவரின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1964இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் அமைத்த சுவரை. அதில் பிடிகள் எல்லாம் சுவரில் பதித்த உண்மையான கற்கள். கழற்றி மாட்டக்கூடிய ரெசின் (திரவமாக ஊற்றி இறுக வைக்கும் பிசின்) ஹோல்டுகள் 1980களில் ஐரோப்பாவில் பரவின. 1987இல் சியாட்டிலில் வெர்டிகல் வேர்ல்டு திறந்தபோது அமெரிக்காவிலும் வணிக ஜிம் என்ற ஒன்று உருவானது. அந்தக் காலத்து ஹோல்டு அனேகமாக எல்லாமே பாலியஸ்டர். படகுக்கட்டும் தொழிலில் ஏற்கெனவே புழங்கிய ரெசின், விலை குறைவு, மணலையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் தாராளமாக விழுங்கும். கலந்து ஊற்ற ஒரு வாளியும் ஒரு கரண்டியும் போதும்.

செய்முறை எளிது. ஸ்டைரீனில் கரைந்த, கோபால்ட் முடுக்கி ஏற்கெனவே சேர்ந்த ரெசினை எடுத்துக்கொண்டு, எடையில் பாதிக்குக் குறையாமல் உலர்ந்த மணல், கால்சியம் கார்பனேட், நிறமி சேர்த்துக் கலக்க வேண்டும். கடைசியாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் எம்.இ.கே.பி. வினையூக்கி. கோபால்ட்டைத் தனியாக வாங்கி வைத்திருப்பவர்கள் அதை எம்.இ.கே.பி.யோடு நேரடியாகச் சேர்த்துவிடக் கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே அடுத்தது.

மணல் சேர்ப்பது செலவைக் குறைக்க மட்டும் அல்ல. வெறும் பாலியஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும், நன்றாகச் சூடேறும். மணல் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு சுருக்கத்தைக் குறைக்கிறது. பதிலுக்கு எடை ஏறுகிறது. நமது ஜக் கன செ.மீ.க்கு 1.8 கிராம் கணக்கில் 810 கிராம் வரும். ஏணியில் நின்று ஒரு கையால் தூக்கிப் பிடித்துத் திருகும், பாதை அமைக்கிற ரூட் செட்டருக்கு இது பெரிய சுமை. பாதை மாற்றும் நாளில் நூற்றுக்கணக்கில் தூக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் பாலியஸ்டரை ஓரம் கட்டியது எடை அல்ல, உடைப்பு. மணல் கலந்த பாலியஸ்டர் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளையாது, எச்சரிக்கை காட்டாமல் பிளக்கும். பிளவு ஏறக்குறைய எப்போதும் போல்ட் துளையின் குறுக்கே ஓடும்.

போல்ட் வளையத்தின் கணக்கு

எம்10 போல்ட்டை 30 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு இறுக்கினால் போல்ட்டில் பிறக்கும் இழுவிசை ஏறத்தாழ 15 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன். வழக்கமான எம்10 வாஷரின் வெளிவிட்டம் 20 மி.மீ. துளையைக் கழித்தால் அது அமுக்கும் பரப்பு சுமார் 228 சதுர மி.மீ. அழுத்தம் 66 மெகாபாஸ்கல். நல்ல வார்ப்புப் பாலியூரித்தேனே அங்கே எல்லைக்கோட்டில்தான் நிற்கும். பாலிபுரோப்பிலீன் 30 மெகாபாஸ்கலைத் தாண்டினாலே நசுங்கி நகரத் தொடங்கிவிடும். அதே இடத்தில் 30 மி.மீ. அகல வாஷரை வைத்தால் பரப்பு 620 சதுர மி.மீ. ஆகி, அழுத்தம் 24 மெகாபாஸ்கலுக்கு இறங்கும். பொருளை மாற்றாமல் ஒரு வாஷரை மாற்றியதிலேயே பிரச்சினை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

இது ஆலன் கீயால் கையில் இறுக்குகிறவருக்கான கணக்கு. ஜிம்மில் நடப்பது வேறு. இம்பாக்ட் டிரைவர் 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுக்கும். விசையை அழுத்தியபடி இரண்டு விநாடி அதிகமாகப் பிடித்தால் வாஷர் பொருளுக்குள் புதைந்துவிடும். வாஷரே இல்லாமல் கூம்புத் தலை போல்ட் போட்டிருந்தால் தலை ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிப் பக்கவாட்டில் பிளக்கும். அதனால் இன்றைய தரமான ஹோல்டுகளில் எஃகு வாஷரை வார்ப்பிலேயே புதைத்துவிடுகிறார்கள். அச்சின் நடுவில் நிற்கும் ஊசியில் வாஷரைச் செருகிவிட்டு ஊற்றினால் அது உள்ளேயே உறைந்துவிடும். வாஷர் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் வாஷரில் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். துடைக்காமல் போட்டால் பிடிப்பு இல்லாமல் தனியாகச் சுற்றும்.

உடைப்புக்கு இரண்டாவது காரணம் முதுகு. ஹோல்டின் பின்புறம் தட்டையாக இல்லாவிட்டால் மூன்று புள்ளிகளில் மட்டும் சுவரின் ப்ளைவுட்டைத் தொடும். போல்ட் இறுக இறுக ஹோல்டு வில்லாக வளையும், வளையத் தெரியாத பொருள் உடையும். முதுகைப் பெல்ட் சாண்டரில் (உப்புத்தாள் பட்டை ஓடும் தேய்ப்பு இயந்திரம்) தட்டையாக்கிவிட்டு, நடுப்பகுதியை விளிம்பைவிட அரை மி.மீ. பள்ளமாக விடுவது நல்லது. அப்போது விளிம்பு முழுவதும் சுவரைத் தொடும், ஹோல்டும் சுழலாது. நடு உயர்ந்து விளிம்பு தொடாமல் நின்றால் எவ்வளவு இறுக்கினாலும் ஏறுகிறவர் கைக்குள் திரும்பும். பொருள் உறுதியாக இருந்தாலும் அது ஆபத்தான ஹோல்டுதான்.

ஐரோப்பாவில் ஹோல்டுகளுக்கான பாதுகாப்புத் தேவைகளையும் சோதனை முறைகளையும் இ.என். 12572 தரநிலையின் மூன்றாம் பகுதி வகுக்கிறது. அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், முதுகில் ஒரு நேர் அளவுகோலை வைத்து ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதும் வேண்டும்.

பாலியூரித்தேன்: வேலை ஊற்றுவதில் இல்லை, அதற்கு முன்பு

இன்று ஜிம்களில் மிகுதியாக இருப்பது இரு பாகப் பாலியூரித்தேன். ஒரு பாகம் பாலியால், மற்றது எம்.டி.ஐ. வகை ஐசோசயனேட். 1:1 அல்லது அதற்கு அருகான விகிதம். கலந்த பின் கையில் இருக்கும் நேரம் 2 முதல் 6 நிமிடம், அச்சிலிருந்து எடுக்க 10 முதல் 20 நிமிடம். கடினம், பிளாஸ்டிக்குக்கான ஷோர் டி அளவுகோலில், 65 முதல் 75. அடர்த்தி 1.1 என்பதால் முழுக்கட்டி ஜக் 495 கிராம். முதுகைக் குடைந்து 10 மி.மீ. சுவர் மட்டும் விட்டால் சுமார் 300 கிராம். பாலியஸ்டரோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. தரையில் விழுந்தால் துள்ளும், உடையாது. போல்ட்டை அதிகம் இறுக்கினாலும் பிளப்பதற்கு முன் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பாலியஸ்டரை அது வென்றது இந்தக் குணத்தால்தான்.

வடிவம் பிறப்பது கட்டி ஃபோமில். கத்தி, அரம், உப்புத்தாள் கொண்டு செதுக்குகிறார்கள். ஃபோமின் நுண்துளைகளே பின்னால் ஹோல்டின் சொரசொரப்பாக மாறும். சின்னத் துளை ஃபோமில் செதுக்கினால் மென்மையான தோல், பெரிய துளையில் செதுக்கினால் கையைச் சிராய்க்கும் தோல். இங்கே சீலர் அதிகம் தடவினால் துளைகள் அடைபட்டு வழுக்கும். மேலே சிலிக்கோன் ரப்பர் ஊற்றும்போது அது துளைகளுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்ளும், எடுக்கையில் ஃபோம் பெரும்பாலும் சிதைந்துவிடும். எனவே முதல் அச்சிலிருந்து கெட்டியான ஒரு நகலை வார்த்து, அதையே மாஸ்டராக (மூல வடிவமாக) வைத்து உற்பத்தி அச்சுகளை எடுப்பார்கள்.

ஒவ்வொரு தலைமுறையிலும் அளவு நழுவும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. டின் (வெள்ளீயம்) வினையூக்கியால் இறுகும் டின் வகை சிலிக்கோன் சுமார் 0.5 சதவீதம் சுருங்கும், வார்ப்பும் கொஞ்சம் சுருங்கும். இரண்டு மூன்று தலைமுறை கடந்தால் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும். 140 மி.மீ. ஜக்கில் அது 1.4 முதல் 2.1 மி.மீ. தனி ஜக்குக்கு இது பொருட்டல்ல. ஆனால் ஏறுவீரர் பென் மூன் 2005இல் கொண்டுவந்த மூன்போர்டு மாதிரியான பயிற்சிப் பலகைகளில், உலகின் எல்லா இடத்திலும் ஒரே ஹோல்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. அங்கே விளிம்பின் ஆரம் கொஞ்சம் மாறினாலும் பாதையின் கடினம் மாறிவிடும். அந்த வேலைக்குப் பிளாட்டினம் வகை சிலிக்கோன்தான் சரி, அதன் சுருக்கம் 0.1 சதவீதத்துக்குள் நிற்கும்.

பிளாட்டினம் சிலிக்கோனுக்கு ஒரு பலவீனம்: எதையாவது தொட்டால் இறுகாமல் போகும். கந்தகம் உள்ள மாடலிங் களிமண், டின் சிலிக்கோன் எச்சம், லேடெக்ஸ் கையுறை, சில எப்பாக்சிகள் எல்லாமே அதற்குப் பகை. இப்போது சேர்ந்திருக்கும் புது எதிரி 3டி பிரிண்டரில் ஒளியால் இறுகும் ரெசின். மாஸ்டரை அச்சிட்டு நேராகச் சிலிக்கோன் ஊற்றினால் தொடு பரப்பு மட்டும் பிசுபிசுவென்று நிற்கும், மேலே எல்லாம் நன்றாக இறுகியிருக்கும். அச்சிட்டதை ஆல்கஹாலில் கழுவி, புறஊதா ஒளியில் முழுக்க இறுக வைத்து, மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்து, மேலே ஒரு தடுப்புப் பூச்சு அடித்த பிறகே ஊற்ற வேண்டும். பெரிய அச்சு ஊற்றும் முன் ஒரு மூலையில் பத்து கிராம் தடவிச் சோதிப்பது நல்ல பழக்கம்.

நமது ஜக்குக்கு அச்சுப்பெட்டி 17×12×8 செ.மீ. அதில் ஜக்கின் 450 கன செ.மீ.யைக் கழித்தால் ஏறத்தாழ 1,180 கன செ.மீ., அதாவது 1.35 கிலோ சிலிக்கோன். குமிழி நீக்க வெற்றிடக் கலத்தில் வைத்தால் பொங்கி நான்கு மடங்கு உயரும் என்பதால் பாத்திரம் ஐந்து மடங்கு பெரிதாக இருக்கட்டும். பெட்டியின் தாழ்ந்த மூலையில், உயரத்திலிருந்து மெல்லிய நூலாக ஊற்றினால் மீதிக் குமிழிகள் வழியிலேயே உடையும்.

தண்ணீர் செய்யும் சேதம்

பாலியூரித்தேன் கெடும் முதல் காரணம் ஈரம். ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் பாலியாலுக்குக் காத்திருக்காமல் அதோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். 1 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 1.3 லிட்டர் வாயுவைக் கொடுக்கும். ஒரு கிலோ கலவையே ஒரு லிட்டருக்குக் குறைவான இடத்தைத்தான் அடைக்கிறது. அதில் 0.1 சதவீதம் ஈரம் இருந்தால் போதும், கட்டியாக வர வேண்டியது ஃபோமாக வரும். குமிழி உள்ளே மட்டும் இருந்தால் எடை குறைந்த, பலவீனமான ஹோல்டு கிடைக்கும். போல்ட் வளையத்தில் திரண்டிருந்தால் இறுக்கும்போது வாஷர் உள்ளே புதையும். மேல்தோலுக்கு அடியில் நின்றால் சில வாரப் பயன்பாட்டில் தோல் கிழிந்து கூரான பள்ளங்கள் தெரியும், ஏறுகிறவர் விரலில் வெட்டு விழும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பாலியால் டிரம்தான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. பாலியால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் ஏறும். டிரம்மின் மூச்சுத் துளையில் ஈரம் உறிஞ்சும் குப்பி பொருத்த வேண்டும், பாதி தீர்ந்த டிரம்மில் மேலே உலர் நைட்ரஜன் நிரப்ப வேண்டும். கலவையில் ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் பொடி சில சதவீதம் சேர்ப்பது காப்பீடு. நிரப்பிப் பொடி சேர்ப்பதாக இருந்தால் 110 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, சூடாக இருக்கும்போதே காற்றுப் புகாத டப்பாவில் மூட வேண்டும். நிறமி பாலியாலில் அரைத்த பசையாகவே இருக்கட்டும். நீர் சேர்ந்த நிறமி ஒரு கரண்டி போனாலும் அந்தத் தொகுதி போச்சு.

சென்னை மாதிரி கடலோர ஊரில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் ரெசின் விலையைப் பார்ப்பதற்கு முன் அறையின் ஈரத்தைக் குறைக்க என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். டின் சிலிக்கோன் இறுகுவதற்கு ஈரம் வேண்டும், பாலியூரித்தேனுக்கு அதுவே கேடு. ஆக அச்சு செய்யும் அறையும் வார்க்கும் அறையும் வேறு வேறாக இருப்பதே நல்லது.

குளிரில் எதிர்ப்பக்கம் சிக்கல். எம்.டி.ஐ. குளிர்ந்தால் படிகமாகி அடியில் வெள்ளையாகத் திரளும். மேலே நிற்கும் தெளிவான திரவத்தை மட்டும் எடுத்து ஊற்றினால் விகிதம் தப்பும். உற்பத்தியாளர் சொன்ன வெப்பநிலையில் முழுவதையும் உருக்கிக் கலக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

கையில் கலப்பதும் இயந்திரம் கலப்பதும்

ஒரு சில ஹோல்டுக்குத் தராசும் குவளையும் போதும். உற்பத்தியில் இரண்டு தொட்டி, இரண்டு கியர் பம்ப், முனையில் ஒரு கலப்பான் கொண்ட குறைந்த அழுத்த இயந்திரம் வேலை செய்கிறது. வசதி அதிகம் என்பதாலேயே அதை நம்பிவிடுகிறார்கள். பம்ப் தேய்ந்தாலோ ஒரு தொட்டியில் வெப்பம் இறங்கிப் பாகுத்தன்மை கூடினாலோ விகிதம் மெல்ல விலகும், கண்ணுக்குத் தெரியாது. காலையில் வேலை தொடங்கும் முன் கலப்பானைக் கழற்றி, இரு பாகங்களையும் தனித்தனிக் குவளையில் ஒரே நேரத்துக்குப் பிடித்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். பாலியால் கூடினால் ஹோல்டு மெழுகு மாதிரி மென்மையாக, நகம் பதியும்படி இருக்கும். ஐசோசயனேட் கூடினால் முதலில் நன்றாகவே தெரியும், பின்னால் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நொறுங்கும் தன்மை வரும். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் கடையை விட்டுப் போன பிறகே வெளிப்படும்.

அச்சைச் சுமார் 40 டிகிரிக்குச் சூடாக்கி வைப்பது மெல்லிய பகுதிகளுக்காக. தடித்த இடம் தன் வினைச் சூட்டிலேயே இறுகிவிடும். 5 மி.மீ. விளிம்பில் அந்தச் சூடு தங்காது, அரைகுறையாக இறுகிப் பாலாடைக்கட்டி மாதிரி உடையும். ஹோல்டின் ஓரங்கள் உதிர்வதாக ஜிம்கள் புகார் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரெசினை அல்ல, குளிர்ந்த அச்சை.

குமிழியைக் குறைக்க அழுத்தக் கலத்தில் வைத்து இறுக வைக்கும் வழியும் உண்டு. 4 பார் அழுத்தம் கொடுத்தால் குமிழியின் கன அளவு ஐந்தில் ஒரு பங்காகும். ஆனால் சிலிக்கோன் அச்சுக்குள்ளேயே குமிழி சிக்கியிருந்தால் அழுத்தத்தில் அது நசுங்கி, ஹோல்டின் தோலில் மொட்டு மொட்டாகப் பதிவாகும். அச்சையும் அதே அழுத்தத்தில் வார்த்திருந்தால் இது வராது.

அச்சின் ஆயுள் ஏறத்தாழ 30 முதல் 100 வார்ப்பு. ஐசோசயனேட் ஒவ்வொரு முறையும் சிலிக்கோனின் மேல்தோலைக் கொஞ்சம் தாக்கும். இது முதலில் தெரிவது வழவழப்பான இடங்களில். இன்றைய போட்டிச் சுவர்களில் பிரபலமான இரட்டைத் தோல் ஹோல்டுகளில் ஒரு பகுதி கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும், மறுபகுதி பிடிக்க வேண்டும். ரூட் செட்டர் ‘இங்கே மிதிக்க முடியாது’ என்பதை அந்தப் பளபளப்பால்தான் சொல்கிறார். அச்சு மங்கியதும் வழுக்க வேண்டிய இடம் பிடிப்புக் கொடுக்கத் தொடங்கும், பாதையே எளிதாகிவிடும். சொரசொரப்புக்கு 80 வார்ப்பு தாங்கும் அச்சு பளபளப்புக்கு அதில் பாதிகூடத் தாங்குவதில்லை. பளபளப்பின் அளவை வைத்தே அச்சை ஓய்வுபெறச் செய்ய வேண்டும்.

ஓர் அச்சு 50 முறை தாங்கும் என்று வைத்தால் 1,000 ஜக்குக்கு 20 அச்சு, 27 கிலோ சிலிக்கோன். ஒவ்வொரு ஹோல்டின் மீதும் 27 கிராம் சிலிக்கோன் செலவு ஏறுகிறது. ஐந்து அச்சை ஒரே நேரத்தில் ஓட்டி, அச்சுக்கு ஒரு நாளில் 20 எடுத்தால் வேலை பத்து நாளில் முடியும்.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்: வேகம் உண்டு, பள்ளம் இல்லை

மேலே சொன்ன பத்து நாள் வேலையை, உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் இயந்திரம் 45 விநாடிச் சுழற்சியில் பன்னிரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடும். நமது ஜக்கின் முகப்பரப்பு சுமார் 100 சதுர செ.மீ., அச்சுக்குள் 300 பார் அழுத்தம் என்றால் 30 டன் பூட்டுவிசை போதும், அது சிறிய இயந்திரம்தான். அச்சுக்குப் போகும் வழியில் தண்டாக உறைந்து மிஞ்சும் பிளாஸ்டிக்கை அரைத்துத் திரும்பப் போடலாம், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கையும் பயன்படுத்தலாம். கேட்பதற்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் நான்கு விரலுக்கான அந்தப் பள்ளத்தில் தொடங்குகிறது. சிலிக்கோன் அச்சு வளையும் என்பதால் பள்ளத்திலிருந்து ஹோல்டை உருவி எடுக்கலாம். எஃகு வளையாது. பள்ளத்தின் திசையில் தனியாக நகரும் ஸ்லைடர் வைக்க வேண்டும், அச்சின் விலையும் பழுதும் அதனால் கூடும். அடுத்தது தோல். எஃகு அச்சில் சொரசொரப்பு வெட்டினால் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் பக்கச் சுவர் 1 முதல் 1.5 டிகிரி சாய வேண்டும் என்பது தொழில் வழக்கு. விரல் பிடிக்கத் தேவையான 0.2 மி.மீ. ஆழத்துக்கு 8 முதல் 12 டிகிரி சாய்வு. சாய்வைக் குறைத்தால் ஹோல்டு வெளியே வரும்போது சொரசொரப்பு உரசி இழுபட்டு, பக்கங்கள் மட்டும் வழவழப்பாகிவிடும்.

தடிமனும் ஒத்துழைக்காது. ஆறும் நேரம் தடிமனின் இருமடியில் ஏறும். 4 மி.மீ. சுவர் 20 விநாடியில் ஆறினால் 20 மி.மீ. கட்டி ஆற 500 விநாடி, அதுவும் நடுவில் குழிந்து. ஆகவே 4 மி.மீ. தடிமனில் மெல்லிய ஓடாக வார்த்து, பின்னால் விலா எலும்பு போன்ற தாங்கு பட்டைகள் வைக்க வேண்டும். விலாவின் தடிமன் சுவரின் பாதி அளவைத் தாண்டினால் முன்புறத்தில் பள்ளக் கோடு தெரியும். பாலிபுரோப்பிலீனில் இப்படிச் செய்த ஜக் 145 கிராம் அளவில் இருக்கும். எடை அருமை, ஆனால் போல்ட் வளையத்தில் 66 மெகாபாஸ்கலைத் தாங்காது. வாஷரை அகலமாக்கினாலும் தொடர் அழுத்தத்தில் பாலிபுரோப்பிலீன் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், போல்ட் தளரும். தீர்வு ஒன்றுதான்: போல்ட் தலையிலிருந்து ப்ளைவுட் வரை விசையை நேராகக் கடத்தும் எஃகு உருளை ஒன்றை நடுவில் பதிப்பது. நைலான் இதைவிட உறுதியானது, ஈரத்தை உறிஞ்சி அளவு மாறும். கண்ணாடி இழை சேர்த்தால் விறைப்பு வரும், ஆனால் தோல் தேய்ந்ததும் இழை முனைகள் விரலைக் குத்தும். ஹோல்டுக்கு அது தகாது.

பாலிபுரோப்பிலீனின் மெழுகுத் தொடுகையை மறைக்க மணல் பூச்சு அடிக்கலாமே என்றால், எதுவும் அதன்மேல் எளிதில் ஒட்டாது. சுடர் அல்லது பிளாஸ்மா காட்டிய பிறகு ஒட்டும், ஆனால் ஷூ ரப்பர் உரசலில் எத்தனை நாள் நிற்கும் என்பதே கேள்வி.

எனவே எங்கள் மதிப்பீட்டில் இன்ஜெக்‌ஷனுக்கு உரிய இடம் பள்ளம் இல்லாத, மெல்லிய, திருகால் மாட்டும் சின்னக் கால் ஹோல்டுகளும் வீட்டுச் சுவருக்கான குழந்தைகள் தொகுப்புகளும்தான். வேகப் போட்டிச் சுவர் இங்கே முதலில் நினைவுக்கு வரும்: 15 மீட்டர் உயரம், 5 டிகிரி முன்சாய்வு, உலகம் முழுக்க ஒரே வடிவில் 20 கைப்பிடி, 11 கால்பிடி. வடிவம் மாறாது என்பதால் உலோக அச்சின் செலவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பலாம். மற்ற ஜிம் ஹோல்டுகளுக்கு நிலைமை தலைகீழ். வாடிக்கையாளர் கேட்பது புது வடிவம். வாரக்கணக்கில் காத்திருந்து ஓர் எஃகு அச்சு செய்து முடிப்பதற்குள் சிலிக்கோனில் ஒரு முழுத் தொகுப்பே சந்தைக்குப் போய்விடும்.

ரோட்டோ மோல்டிங்கைச் சுருக்கமாக முடிக்கலாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்யும் முறையேதான்: அச்சுக்குள் பாலிஎத்திலீன் பொடி, 300 டிகிரி அளவிலான அடுப்பில் சுழற்சி, அரை மணி நேரத்தில் உள்ளீடற்ற ஓடு. சுவரில் பொருத்தும் பெரிய உள்ளீடற்ற வடிவங்களான வால்யூம்களுக்கு மலிவு. விறைப்பு குறைவு, வழுக்கும், போல்ட் தளரும். விளையாட்டுத் திடலுக்குப் போதும், நமது ஜக்குக்குப் போதாது. பெரிய வடிவங்களுக்குப் பாலியஸ்டரும் கண்ணாடி இழைப் பாயும் சேர்த்து 4 அல்லது 5 மி.மீ. தடிமனில் அடித்து, மேலே மணல் கலந்த பூச்சு கொடுப்பதே இன்றும் சரியான வழி.

கணினியில் செதுக்குவது

3டி பிரிண்டரில் முழு ஹோல்டையே அச்சிட்டு மாட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகம். அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு பலவீனமானது. போல்ட் விசை அந்த அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் வந்தால் பிளந்துவிடும். 3டி பிரிண்டரில் அதிகம் புழங்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அருகே மென்மையாகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே வடிவம் போகும். பொதுச் சுவரில் மாட்ட இது உகந்தது அல்ல.

மாஸ்டர் செய்வதில் மட்டும் கணினி உண்மையான மாற்றத்தைத் தந்திருக்கிறது. கையால் செதுக்கிய ஃபோமை ஸ்கேன் செய்து, சுருக்கத்துக்கு ஈடாக 101 அல்லது 102 சதவீதம் பெருக்கி, இடது வலது பிரதி எடுத்து, முதுகைத் துல்லியமாகக் குடைந்து, போல்ட் வளையத்தின் தடிமனை எல்லாப் பக்கமும் சமமாக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஜக்கை 150 சதவீதம் பெரிதாக்கினால் தோலின் சொரசொரப்பும் அதே அளவு பெருக்கும், பெரிய ஹோல்டு ரம்பம் போலக் கையை அறுக்கும். வடிவத்தை மட்டும் பெருக்கி, தோலை ஒவ்வோர் அளவுக்கும் புதிதாக இட வேண்டும்.

தொழிலாளி, எண்ணெய், கழிவு

ஸ்டைரீன் மூக்குக்குத் தெரியும், தலைவலி தரும், ஆளை வெளியே விரட்டும். ஐசோசயனேட் அப்படி எச்சரிக்காது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் ஆஸ்துமாவைத் தூண்டும், அவர் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ளதைத் தொழில்முறையில் கையாளும் எவரும் அதற்கு முன் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது கட்டாயம். முதுகு தேய்க்கும் சாண்டருக்குத் தூசி உறிஞ்சி இல்லாத பட்டறையில் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. மணல் கலந்த பாலியஸ்டர் தூசியில் சிலிக்காவும் இருக்கிறது.

பாலியாலின் ஒரு பகுதியைத் தாவர எண்ணெயிலிருந்து எடுப்பது இப்போது வளர்ந்துவரும் வழி. ஆமணக்கெண்ணெய் இயல்பிலேயே பாலியாலாக நடந்துகொள்ளும் அரிய எண்ணெய், உலகில் அதை மிகுதியாக விளைவிப்பது இந்தியாதான். நீரை விலக்கும் குணத்தால் குமிழித் தொல்லையும் கொஞ்சம் குறைகிறது. இறுகும் வேகம் மட்டுமே குறைவு, வினையூக்கியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் ஆமணக்கில் செய்தாலும் பெட்ரோலியத்தில் செய்தாலும் இறுகிய பாலியூரித்தேனை உருக்க முடியாது. தேய்ந்து பளபளப்பாகிவிட்ட ஹோல்டை அரைத்துப் புது வார்ப்பில் நிரப்பியாகச் சேர்ப்பதே இப்போதைக்குச் செய்யக்கூடியது. அளவு கூடினால் கலவை கெட்டியாகி அச்சின் நுண்துளைகளுக்குள் இறங்காது, தோல் பாழாகும். ஆகவே அரைத்ததை முதலில் ஊற்றாமல், தோலுக்காகச் சுத்தமான கலவையை மெல்லிய படலமாக ஊற்றி, அது ஜெல் நிலைக்கு வரும்போது அரைத்தது கலந்த கலவையைப் பின்னால் நிரப்ப வேண்டும். அரைப்பதற்கு முன் ஒட்டியிருக்கும் சாக் பொடியை (ஏறுகிறவர்கள் கையில் பூசும் வெள்ளைப் பொடி) கழுவி, துகள்களை உலர்த்தி எடுக்காவிட்டால் அந்த ஈரமே குமிழியாகத் திரும்ப வரும். அரவை இயந்திரத்தின் கத்தி முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே புதைந்திருக்கும் எஃகு வாஷர். துளையிடும் எந்திரத்தில் 32 மி.மீ. வட்ட ரம்பத்தைப் போட்டு, வளையத்தோடு சேர்த்து வாஷரை வெட்டி எடுத்துவிட்டே மீதியை அரவைக்குப் போட வேண்டும்.